கை மாறாத ஊசி

தையல்காரர் வீட்டில் ஊசிக்குப் பஞ்சம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் வீட்டில் அது நடந்தது. பஞ்சம் என்றுகூடச் சொல்லக்கூடாது. கைத்தையல் ஊசி, மெஷின் ஊசி, கோணி ஊசி என்று டப்பா டப்பாவாக இருந்தது. காலில் குத்தாத நாளில்லை. கொடுப்பதற்குத்தான் மனம் வரவில்லை. ஒரே ஓர் ஊசி. அதை அன்றைக்குக் கொடுத்திருந்தால் நான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் அப்போது என் அக்கா வீட்டில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடிந்ததும், "லயத்துல உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போற, அக்கா வீட்டுக்குப் போயித் தையலாவது கத்துக்க" என்று அம்மா அனுப்பிவிட்டாள். அக்காவின் கணவருக்கு டவுனில் சின்னத் தையற்கடை. அவரை நான் அத்தான் என்பேன். வீட்டிலும் ஒரு மெஷின் உண்டு; கடையில் முடியாத வேலை வீட்டுக்கு வரும். சட்டைகளுக்குக் காஜா எடுப்பது என் பொறுப்பு. "காஜா பெராங்குல காஜா எடுக்கறவ" என்று அத்தான் கேலி செய்வார். அந்த மனுஷர் வாயைத் திறந்து பேசியதில் பாதி இதுதான்.

மெர்டேக்கா, மெர்டேக்கா என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, கிளப்புக்காரர்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை என்று கடையில் வேலை நிற்காது. வெளியே நாடு விடுதலை ஆகிக்கொண்டிருந்தது. உள்ளே என் அக்கா கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளையில்லாமல், வீட்டுக்கு வருகிறவர்களின் பார்வை தன் வயிற்றில் படாமலிருக்க முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் செய்யாதது ஒன்றுமில்லை. கோயிலில் தொட்டில் கட்டினாள், செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள், ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரிடம் காட்டினாள். "அரச மரத்தைச் சுத்திட்டு அடிவயித்தத் தொட்டுப் பாத்தாளாம்" என்று நான் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்காவின் மாமியார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கை தாராளம். பிச்சைக்காரன் வந்தால்கூட உட்கார வைத்துச் சோறு போடுவார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அவருக்கு ஒரே மகன். பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் சொந்தத்தில் ஒரு பெண் இருந்தாள். தீபாவளிக்கு வந்து போனவள், பிறகு பொங்கலுக்கும் வந்தாள், பிறகு காரணமே இல்லாமல் வந்தாள். "இன்னும் ஒரு வருஷம் பாப்பேன்" என்று அத்தை எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அந்த வருஷத்துக்குள் அக்காவுக்கு நின்றால் உண்டு. இல்லையென்றால் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவாள். அத்தானோ தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தார். வாயில்லாப் பூச்சி என்று ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த வாய்மேல்தான் கோபம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம். நம்மைப் போலவே திருநீறு பூசுவார்கள், திருவிழாவில் முன்னால் நிற்பார்கள். தமிழ் மட்டும் வராது, வீட்டுப் பேச்செல்லாம் மலாய்தான். அந்த வீட்டம்மாவை நாங்கள் பீபி என்று கூப்பிடுவோம். பீபி வீட்டுப் பின்வாசலுக்குத்தான் அவள் முதலில் வந்தாள்.

அவள் என்றால் காட்டிலிருந்து வருகிறவள். அந்த நாளில் அவர்களைச் சக்காய் என்றுதான் சொல்வோம். அது வசைச்சொல் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது ஓராங் அஸ்லி என்கிறார்கள், பூர்வகுடி என்கிறார்கள். அவள் தன்னைத் தெமுவான் என்று சொல்லிக்கொண்டாள். அக்கா வயதுதான் இருக்கும். முதுகில் பிரம்புக்கூடை, அதில் பெத்தாய்க் காய், காட்டுப்பழம், பிரம்புக் கட்டு. அடியில், வாழையிலைக்குள், வேரும் பட்டையும். மேலே இருப்பது யாருக்கும் விற்பாள். அடியில் இருப்பதை, கேட்டால்தான் எடுப்பாள். கேட்டாலும் எல்லோருக்கும் எடுக்க மாட்டாள்.

எனக்கு அவளைத் தெரிந்தது விரல் நகச்சுற்றால். வலது கைச் சுட்டுவிரல் பழுத்து, துணியைப் பிடிக்க முடியாமல் நான் முனகிக்கொண்டிருந்தேன். பீபி வீட்டுக் கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தவள், வேலியைத் தாண்டி வந்து விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். கூடையைத் தொடவில்லை. எங்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்துக்குப் போனாள். அங்கே நான் தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டுகிற இடத்தில் ஏதோ பூண்டு மண்டிக் கிடந்தது. தன் நிழல் அதன்மேல் விழாதபடி சுற்றி வந்து உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. "என்ன சொல்ற?" என்று கேட்டேன். அவள் பேசியது அவர்கள் பக்கத்து மலாய். நான் தமிழில் சொல்கிறேன். "யாருக்கு எடுக்கறேன்னு சொல்லணும் இல்ல? சொல்லாம எடுத்தா திருட்டு" என்றாள்.

கொழுந்தைக் கசக்கி விரலில் வைத்துக் கட்டிவிட்டு, "நீ ஒண்ணு குடு" என்றாள். நான் அத்தையிடம் காசு கேட்கத் திரும்பினேன். "காசு வேணாம். உன் கையால ஏதாவது. நூல் போதும்." மெஷினிலிருந்து கொஞ்சம் நூல் உருவிக் கொடுத்தேன். மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். விரல் உடைந்து சீழ் போய்ச் சுகமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் சுகமாகியிருக்கும். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது, அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. ஆனால் அக்கா அந்த விரலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது அக்கா பின்வாசலில் காத்திருந்தாள். அவளை உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தாள். என்ன கேட்க வேண்டுமோ அதைப் பீபியே கேட்டுவிட்டார், பத்து பெரெண்டாம் பெண் உட்பட எல்லாக் கதையையும் சேர்த்து. அவள் அக்காவின் நாக்கைப் பார்த்தாள், கண் இமையை இறக்கிப் பார்த்தாள், பாயில் படுக்க வைத்து அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தாள். மாதவிலக்கு எப்படி, வலி எந்தப் பக்கம், காலையில் உள்ளங்கால் சில்லென்று இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு அத்தானையும் வரச் சொன்னாள்.

"அவன் எதுக்கு?" என்றார் அத்தை.

"விதையையும் பாக்கணும், நெலத்தையும் பாக்கணும்."

பீபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்பிள்ளைக்கு என்ன கொறச்சல்? அதெல்லாம் ஒண்ணும் வேணாம், இவளுக்கு மட்டும் குடுக்கச் சொல்லு" என்றார். ஆனால் குடுக்கச் சொன்னார். அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அவள் சொன்னாள்: வேர் ஒன்று இருக்கிறது, கூடையில் இல்லை. மலைச் சரிவில், தண்ணீர் கசிகிற இடத்தில் இருக்கும். அந்த இடம் அவள் அம்மா காட்டியது. இப்போது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னாருக்கு என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். அதனால் போவதற்கு முன்பே, குடிக்கப் போகிறவள் தன் கையால் ஓர் ஊசி கொடுக்க வேண்டும்.

"நூலுக்குப் பதிலா?" என்று கேட்டேன்.

"விரலுக்கு நூல் போதும். இது வயிறு. இரும்பு வேணும்."

அக்கா அப்போதே எழுந்து மெஷின் இழுப்பறையைத் திறந்துவிட்டாள். "எடுக்காத" என்றார் அத்தை.

நம்மவர்களில் ஊசியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் உறவு அறும். தையல்காரர் வீட்டில் இது இன்னும் கெட்டி. ஊசிதான் லட்சுமி, வெளியாளுக்கு ஊசி கொடுத்தால் தொழிலையே தூக்கிக் கொடுத்த மாதிரி. அதோடு அத்தைக்குச் சொந்தமாக ஒரு காயமும் இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் ஒரு சிநேகிதரோடு கூட்டாகக் கடை நடத்தியவர். அவசரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிநேகிதரின் கையில் ஊசியைக் கொடுத்தாராம். அந்த மாதமே சண்டை. கடை இரண்டானது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் சாகும்போதுகூட அந்த சிநேகிதர் வாசலை மிதிக்கவில்லை. அத்தை அதை ஊசியின் கணக்கில்தான் வைத்திருந்தார். யார் சொல்லி மாற்ற முடியும்?

"கீழ வைக்கிறோம், எடுத்துக்கச் சொல்லு" என்று அத்தை ஒரு படி இறங்கினார்.

அவள் தலையை ஆட்டினாள். "கீழ வெச்சா அது எனக்குக் கெடச்சது. குடுத்தது ஆகாது."

அக்கா மெல்ல, "பாசார்ல புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன் அத்தை, நம்ம வீட்டு ஊசி வேணாம்" என்றாள்.

"எங்க வாங்குனா என்ன? குடுக்கற கை என் வீட்டுக் கைதான?"

அதற்குமேல் என்ன பேச? அத்தை உள்ளே போய்ச் சுளகு நிறைய அரிசி கொண்டுவந்தார், மடிப்புக் கலையாத சேலை ஒன்று கொண்டுவந்தார், காசும் எடுத்தார். ஊசியைவிட எத்தனையோ மடங்கு. கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவள் அரிசியைத் தொட்டுக் கும்பிட்டாள், எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. "ஊசி இல்லாம போக முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டாள். ஏன் முடியாது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஏதோ அவர்கள் வழக்கம் என்று விட்டுவிட்டோம். நம் வழக்கத்துக்கு ஆயிரம் காரணம் சொல்கிற நமக்கு, மற்றவர்கள் வழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று ஏன் தோன்றுவதில்லை?

பிறகு கொஞ்ச நாள் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, பீபி வீட்டோடு திரும்பிவிடுவாள். பத்து பெரெண்டாம் பெண் ஒரு தடவை வந்து, அக்காவின் சமையலறையில் ரசம் வைத்துவிட்டுப் போனாள். அத்தை அந்த ரசத்தை வாயாரப் புகழ்ந்தார். அன்று மத்தியானம் அக்கா கிணற்றடியில் சேலையைத் துவைத்துக்கொண்டே இருந்தாள். வெளுத்த சேலையையே மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பிடுங்கி அலசிப் போட்டேன்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் அந்தத் தெமுவான்காரி வந்தாள். பெத்தாய் இல்லை, பிரம்பு இல்லை. கூடையில் ஓர் இலைப்பொட்டலம் மட்டும். அத்தை பின்வாசலில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவள் பொட்டலத்தை அக்காவின் காலடியில் வைத்தாள். விரல் பருமனில் வேர்கள், மண் ஒட்டியிருந்தது. எப்படிக் காய்ச்ச வேண்டும், எப்போது குடிக்க வேண்டும், குளிர்ச்சியானது எதுவும் ஆகாது, காய்ச்சிய சட்டியை யாரும் தாண்டக் கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். ஊசியைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் போட்டிருந்த பாஜுச் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் பூட்டாமல் கிடந்தன. வயிறு நன்றாகத் தெரிந்தது. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தனாவது?" என்று கேட்டாள் அக்கா.

"மொதல்" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அக்கா இழுப்பறை இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அத்தை எழுந்துபோய் அரிசி கொண்டுவந்தார். பிள்ளைத்தாய்ச்சி என்று கருவாடும் வெல்லமும் சேர்த்துக் கட்டினார். இந்த முறை அவள் வாங்கிக்கொண்டாள். அவள் தெருத் திரும்பியதும் அத்தை வெற்றியோடு சொன்னார்: "பாத்தியா? ஊசி, மண்ணாங்கட்டின்னதெல்லாம் சும்மா. அரிசிக்கு வந்துட்டா."

அக்கா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் என் காதோடு, "அப்புறம் குடுத்துடலாம்டி. மொதல்ல நிக்கட்டும். அடுத்த வாட்டி வர்றப்ப தார்ச் சடக்கு வரைக்கும் கூடப் போயி, அத்தைக்குத் தெரியாம கையில வெச்சிடறேன்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கர்ப்பம் நிற்பதற்கு முன்னால் மாமியாரைப் பகைத்துக்கொண்டால், மருந்து பலித்தும் வீடு இல்லாமல் போகும். அவளுக்கு அப்போது வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

நின்றது. வேரால் நின்றதோ, நாள் வந்து நின்றதோ, எனக்குத் தெரியாது. வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்து அக்காவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அத்தான் கடையை மூடிவிட்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். பத்து பெரெண்டாம் பெண்ணுக்கு அடுத்த தை மாதமே கிளேபாங்கில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டி வைத்துவிட்டார்கள். அவள் நன்றாக இருந்தாள், பாவம், அவள் மேல் என்ன தப்பு?

பாசார் நாள் வந்தால் அக்கா ரவிக்கை ஓரத்தில் ஓர் ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு பின்வாசலில் அந்தத் தெமுவான்காரி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வரவில்லை. பேறுகாலம் நெருங்கியிருக்கும் என்று நினைத்தோம். பிறகு கைக்குழந்தையோடு நடக்க முடியாது என்று நினைத்தோம். பையன் பிறந்தான். பெயர் சூட்டி, மொட்டையடித்து, அவன் நடக்கவும் தொடங்கிவிட்டான். பிள்ளை வேலையில் அக்காவுக்கு ரவிக்கையில் ஊசி குத்த மறந்துபோனது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்காக ஏங்கினவள் கையில் பிள்ளை வந்தபின் வேறு எதை நினைப்பாள்?

பையனுக்கு நன்றாகப் பேச்சு வந்த பிறகு ஒருநாள், பீபி அவனுக்குக் கூவே பலகாரம் ஊட்டிக்கொண்டே, "அந்த ஊசிய எப்பக் குடுத்தீங்க? கெழவி கடைசில விட்டுக் குடுத்தாளா?" என்று சும்மா கேட்டார். குடுக்கவில்லை என்றோம். பீபியின் கை நின்றுவிட்டது.

அவர்தான் அப்புறம் சொன்னார். அந்த ஊசி கூலி இல்லை. இன்னாருக்கு என்று சொல்லி வேரைப் பிடுங்கியதும் அவளுடைய நோய் கிளம்பிவிடும், அது எங்கே போகும்? கிளம்புகிற நோய்க்குப் பிடுங்குகிறவள்தான் பக்கத்தில் இருப்பாள். குடிக்கப் போகிறவள் தன் கையால் கொடுத்த இரும்பு அவள் மடியில் இருந்தால், நோய் அவளைத் தொடாமல் கடந்துபோகும். இல்லாவிட்டால் பிடுங்கியவள் உடம்பிலேயே தங்கிவிடும். காவல் அது. காவலில்லாமல் அவர்கள் யாரும் பிடுங்க மாட்டார்கள். "நானும் உங்க வழக்கத்துக்கு ஏத்த மாதிரி ஏதோ முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார் பீபி.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "இதெல்லாம் நீ நம்பறியா? மலேரியாவுக்கு மாத்திரை வந்தாச்சு, நாட்டுக்கு மெர்டேக்கா வந்தாச்சு, நீ இன்னும் நோய் நடந்து போகுதுன்னு உக்காந்திருக்க" என்றேன். அக்கா கேட்டது ஒன்றுதான்: "நான் நம்பலன்னு வெச்சுக்க. அவ நம்புனால்ல? நம்பிக்கிட்டேதான போயி எடுத்தா?"

மறுநாளே கிளம்பினோம். அக்கா எல்லோர் கண்முன்னும் மெஷின் இழுப்பறையைத் திறந்து, புது ஊசிப் பொட்டலத்திலிருந்து ஒன்றை உருவினாள். அத்தை பேரனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பார்த்தார். "வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க" என்றார், அவ்வளவுதான். இத்தனை சுலபமான காரியம். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் இந்தக் கூரை என்ன இடிந்தா விழுந்திருக்கும்?

குருபோங் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறி, பீபி சொன்ன இடத்தில் இறங்கினோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. பையனை மாற்றி மாற்றித் தூக்கினோம். பாதை முடிகிற இடத்தில் டுரியான் மரங்கள், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சில வீடுகள், கோழிகள். கேட்டதும் ஒரு பையன் கை காட்டினான்.

அவள் வாசலில் உட்கார்ந்து பிரம்பு சீவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பையனைத்தான் முதலில் பார்த்தாள். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தாள், முதுகைத் தட்டினாள். "கெட்டியா இருக்கான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். அவன் புதியவர்களிடம் போகாதவன், அவள் கொடுத்த ரம்புத்தானை வாங்கிக்கொண்டு அவள் மடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அக்கா கொண்டுபோன துணியையும் சீனியையும் வைத்தாள். பிறகு ஊசியை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவள் கொஞ்சநேரம் அதைப் பார்த்தாள். "தைக்க ஆகும்" என்று சொல்லி, பாஜுவில் குத்திக்கொண்டாள்.

"உன் பிள்ளை எங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பொண்ணு. வெளிய வர்றப்பவே மூச்சு இல்ல" என்றாள், பையனின் உதட்டில் ஒழுகிய பழச்சாற்றைத் துடைத்துக்கொண்டே. "அதுக்கப்புறம் நிக்கல."

உள்ளேயிருந்து அவள் நாத்தனார் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்குத்தான் எங்கள்மேல் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "போகாதேன்னு எத்தன தடவ சொன்னோம். வயித்துல வெச்சுக்கிட்டு, கையில ஒண்ணுமில்லாம மலைக்குப் போனா. இப்ப இவ கையால யாரும் மருந்து வாங்கறதில்ல. கை கெட்டுப்போச்சு" என்றாள். அதனால்தான் அவள் டவுனுக்கும் வருவதில்லை, காட்டுக்கும் வேருக்காகப் போவதில்லை. பிரம்பு மட்டும் சீவுகிறாள்.

எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. குழந்தைகள் சாகிற காலம்தானே அது. எங்கள் லயத்திலும் செத்தன, என் அம்மாவுக்கே செத்தன, அங்கே யார் மலைக்குப் போய் வேர் பிடுங்கினார்கள்? இதை அவர்களிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நாத்தனாரின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். செத்த பிள்ளைக்கு நான் சொல்கிற காரணம் அவர்களுக்கு எதற்கு?

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் எடுத்த?" என்றாள் அக்கா.

அவள் அதை ஒரு பெரிய கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "வேற ஒருத்தியக் கொண்டுவரப் போறாங்கன்னு பீபி சொன்னாங்க இல்ல? எனக்கு உள்ள பிள்ள ஒதைக்குது. நீ கெணத்தடியில அழுதுக்கிட்டு இருந்தியாம், அதையும் அவங்கதான் சொன்னாங்க. எப்படிப் பேசாம இருக்கறது?"

அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப குடிக்கலாம் இல்ல? நீயும் அந்த வேரைக் குடி. எது வேணும்னாலும் நான் தர்றேன். எத்தன ஊசி வேணும்னாலும்."

"எனக்கு நானே எடுத்துக்க முடியாது" என்றாள் அவள். "எனக்கு யாரு எடுத்துத் தருவா? அந்த எடம் வேற யாருக்கும் தெரியாதே."

அவள் நாத்தனாரை அதட்டி எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னாள். குடித்தோம். புறப்படும்போது பையன் அவள் கழுத்தை விடமாட்டேன் என்று அடம் பிடித்தான். அவள்தான் விரல்களைப் பிரித்து எடுத்து, தூக்கி, அக்காவின் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் நான். பையன் களைத்துப்போய் அவள் மடியில் ஏறிப் படுத்து, வழக்கம்போல அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தான். அக்கா அவன் தலையைத் தடவவில்லை. அவன் கையை மெதுவாகக் கயிற்றிலிருந்து எடுத்தாள். அவனைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சநேரம் நீ வெச்சிரு" என்றாள்.

காஜா பெராங்கில் இறங்கி வீட்டு வாசலுக்கு வரும்வரை அவள் அவனைத் திருப்பி வாங்கவில்லை.